இரண்டு வாய்ச் சொல்

அந்த ஊரில் அவருக்குப் பயப்படாத ஆள் இல்லை. இத்தனைக்கும் அவர் யாரையும் ஏசியதில்லை, கோள் மூட்டியதில்லை, குரலைக்கூட உயர்த்தியதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "வேர் ஹெட்ஸ் க்சைட்?" யார் சொன்னது? அவ்வளவுதான். வாய்க்கு வந்ததை அளந்துகொண்டிருப்பவர் முன்னால் தலையைச் சற்றே சரித்து அவர் இதைக் கேட்டார் என்றால், அந்தக் கதை பாதி வழியிலேயே படுத்துவிடும்.

சுவிஸில் சோலோதுர்னிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஊர் அது. ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சாப்பாட்டு விடுதி, மிச்சமெல்லாம் மாடு. எண்பதுகளின் நடுவில் அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டு வந்த என்னையும் பரமண்ணையையும் அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். பரமண்ணை சாவகச்சேரிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விடுதிக் குசினியில் அவருக்கு வெங்காயம் உரிக்கிற வேலை, எனக்குக் கோப்பை கழுவுகிற வேலை. குசினிக்கு நேர் மேலே ஓர் அறை. குளிருக்கு நல்லது, ஆனால் கனவில்கூடப் பொரித்த உருளைக்கிழங்கு மணக்கும்.

ஊரே பயந்த அவர் அந்த ஊரின் பழைய தபால்காரி. ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகியிருந்தது. ஓய்வு கடதாசியில்தான், காலுக்கு யாரும் அறிவிக்கவில்லை. தினமும் காலை அதே தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதே வீடுகளுக்கு, அதே ஒழுங்கில் நடப்பார். பையில் கடிதங்களுக்குப் பதிலாக அட்டைகள். புதுச் சட்டைக்குள் வைத்து வருமே, அந்த மட்டைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்தவை.

தேவாலயத்துக்கு ஒரு பெரிய ஆண்டுவிழா வர இருந்தது. அதற்குள் ஊரின் கதையை, தேவாலயத்தைச் சேர்ந்த சனத்தை வேதக்காரர் பங்கு என்று சொல்வார்களே, அந்தப் பங்கின் கதையைப் புத்தகமாகப் போடுவது என்று ஊர்ச்சபை தீர்மானித்து, வேலையை அவரிடம் கொடுத்திருந்தது. பழைய படம் பத்து, மணிக்கூண்டின் உயரம், சுவாமிமார்களின் பட்டியல், ஒரு மாரியில், ஒரு பனிக்காலத்தில் முடித்துவிடுவார் என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் போனபோது எட்டாவது மாரி நடந்துகொண்டிருந்தது.

ஏன் முடியவில்லை என்றால் அவரது சட்டங்களால். முதலாவது சட்டம்: எதையும் இரண்டு வாய் சொல்ல வேண்டும், இரண்டும் வேறு வேறு வீட்டு வாயாக இருக்க வேண்டும். இரண்டு வாய் கிடைத்த அட்டை சப்பாத்துப் பெட்டிக்குள் போகும். ஒரு வாய் மட்டும் என்றால் பிஸ்கட் டின். டின்னுக்குள் போனது புத்தகத்துக்குள் வராது, இரண்டாவது வாய் வரும்வரை அங்கே காத்திருக்கும். இரண்டாவது சட்டம்: சொல்லுகிறவர் எழுதக் கூடாது. எழுதுகிறவர் வேறு ஆள், அவர் அட்டையின் அடியில் தன் பெயரைப் போட வேண்டும்.

இந்தச் சட்டங்களில் நான் மாட்டிய கதையைக் கேளுங்கள். நாங்கள் வந்து இரண்டாவது கிழமை, அவர் குசினிப் பின்கதவால் வந்தார். சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலை எடுத்தார். பென்சிலோடு வருகிற வெள்ளைக்காரர் எல்லாரும் அப்போது எனக்குப் பொலிஸ்தான். என் ஜெர்மன் அரைகுறை, அவர் கதைத்ததோ ஊர்ப் பேச்சு. அவர் சொன்னதாக நான் இங்கே எழுதுவதெல்லாம் என் தமிழில் எனக்கு ஞாபகம் இருக்கிறபடிதான்.

"இந்தப் பங்கில இருக்கிற எல்லாருக்கும் அட்டை இருக்கு. உங்களுக்கு இல்லை. பேர் என்ன?"

ஊர் முழுக்க என்னை 'ஹெர் கந்தையா', மிஸ்டர் கந்தையா என்றுதான் கூப்பிட்டது. கந்தையா என் அப்பா. அசூல் பதிந்த இடத்தில் எது குடும்பப் பெயர் என்று கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைச் சொன்னேன். அன்று முதல் செத்துப்போன மனுசன் சுவிஸில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். யாராவது "ஹெர் கந்தையா" என்று கூப்பிட்டால் எனக்கே ஒரு கணம் திரும்பிப் பார்க்கத் தோன்றும். இதை யாருக்கு விளங்கப்படுத்துவது என்று விட்டுவிட்டேன். அவருக்கும் கந்தையா என்றே சொன்னேன்.

"யார் சொன்னது?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. என் பெயரை நான்தானே சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டி நானே எழுதித் தருகிறேன் என்று பென்சிலுக்குக் கையை நீட்டினேன். அவர் பென்சிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பரமண்ணையைப் பார்த்தார். பரமண்ணைக்கு அன்று காலையில் நான் கடைசிப் பாணைத் தின்றுவிட்டேன் என்று மனத்தாங்கல்.

"இவனையோ? இவன்ர பேர் எனக்குத் தெரியாது" என்றார் தமிழில், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

"அண்ணை, விளையாடாதேங்கோ."

"பாணைத் திண்டவனுக்குப் பேர் எதுக்கு?"

பிறகு மனம் இரங்கி, கந்தையா என்பது தகப்பன் பெயர், இவனுடைய பெயர் இது என்று கையாலும் காலாலும் அவருக்குச் சொன்னார். தபால்காரி முதலில் எழுதியிருந்ததை அழித்தார். என் பெயர், அப்பாவின் பெயர், ஊர் பெயர் எல்லாவற்றையும் உரிய இடத்தில் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். அந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னை நானாக எழுதிய முதல் கடதாசி அந்தச் சட்டை மட்டைதான். அன்று பின்னேரம் பரமண்ணைக்கு நானே பாண் வாங்கிக் கொடுத்தேன்.

ஊர்ச்சபைத் தலைவரையும் அவர் விடவில்லை. தலைவர், ஊருக்கு மேலே இருக்கிற பெரிய பண்ணையின் சொந்தக்காரர். மேல்பண்ணை என்பார்கள். நல்ல மனிதர். முதல் குளிருக்குப் பரமண்ணைக்குத் தன் மேற்கோட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டவர். தேவாலயத்தின் பெரிய மணியைத் தன் பாட்டன்தான் கொடுத்தார் என்று விடுதியில் இருந்து பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தபால்காரி தலையைச் சரித்தார்.

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்லுறவை."

"எல்லாரும் எண்டால் ஒருத்தரும் இல்லை. ரெண்டு பேரைச் சொல்லுங்கோ."

தலைவரால் ஒருவரைத்தான் சொல்ல முடிந்தது, அதுவும் தன் அக்காவை. மணி பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று. புத்தகம் அச்சாகும்வரை அது வெளியே வரவில்லை. தலைவர் சிரித்துக்கொண்டுதான் போனார், ஆனால் அன்று கோப்பி பாதியில் இருந்தது.

வீடு வீடாகப் போவார் என்றேன் அல்லவா, எல்லா வீட்டிலும் குசினிவரை போய் உட்கார்ந்துவிடுவார். மேல்பண்ணையில் மட்டும் படலையோடு, வெளிவாசலோடு நிற்பார். பால் கேன் வைக்கிற பலகைக்குப் பக்கத்தில் நின்றபடியே கேள்வியைக் கேட்டு, நின்றபடியே எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார். நாய்க்குப் பயமாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அங்கே நாயே இல்லை.

ஒருநாள் எனக்கு ஊரிலிருந்து பெரியப்பாவின் கல்வெட்டு வந்தது. கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியதல்ல. எங்கள் பக்கத்தில் ஆள் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கிற சின்னப் புத்தகம். படம், தேவாரம், ஒப்பாரிப் பாட்டு, கடைசியில் வம்சாவளி. பெரியப்பாவின் பெறாமக்கள், அதாவது தம்பி பிள்ளைகள், பட்டியலைப் பார்த்தேன். என் தம்பியின் பெயர் இருந்தது, தங்கச்சியின் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. வேலிச் சண்டையில் அப்பாவின் பக்கம் நின்று பெரியப்பாவின் மூத்தவனோடு கை நீட்டியவன் நான். பட்டியல் எழுதியவனும் அவன்தான். நான் குசினியில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை.

அன்று வந்த தபால்காரி அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கி, விளங்காத எழுத்தை விரலால் தடவி, இதற்குப் பெயர் என்ன, என்ன பிரச்சினை என்று கேட்டார். சொன்னேன். மறந்து விடுபட்டிருக்கலாம் என்று ஆறுதல் சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"மறதியில ஒருத்தற்ற பேரும் விடுபடாது. விடுறதுக்கும் ஒரு ஆள் இருந்திருக்க வேணும்" என்றார். "ஆனால் உங்கட ஆக்கள் கெட்டிக்காரர். கடதாசியில போட்டுட்டுக் கல்லெண்டு பேர் வைச்சிருக்கிறியள். எங்கட கல்லை நாங்கள் உடைச்சு ரோட்டுக்குப் போடுறம்."

அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. அந்த ஊர்ச் சேமக்காலையில் ஒரு கல்லறைக்கு இருபத்தைந்து வருடம்தான் தவணை. அதற்குப் பிறகு உறவினர் வந்து கல்லை எடுக்கலாம், எடுக்காவிட்டால் ஊர்ச்சபை எடுத்து உடைத்துவிடும், அந்த இடம் அடுத்தவருக்கு. எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. நாங்கள் எரித்துக் கரைத்துவிட்டுப் போகிறவர்கள், எங்களுக்குக் கல்லும் இல்லை தவணையும் இல்லை. இவ்வளவு பூவும் மெழுகுதிரியும் வைக்கிற சனம் இருபத்தைந்தாம் வருடம் எழும்பிப் போ என்று சொல்லுமா?

எடுக்கப்போகிற கல்லையெல்லாம் எடுக்குமுன் வாசித்து அட்டையில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். திங்கட்கிழமை விடுதிக்கு விடுமுறை. சும்மா படுத்துக் கிடப்பதற்குப் பதில் நானும் போகத் தொடங்கினேன். பாசி பிடித்து, மழையில் தேய்ந்து, பல எழுத்துகள் கண்ணுக்கே தெரியாது. எங்கள் கோயில் கல்லில் மாப் பூசி எழுத்து வாசிப்பதைச் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். குசினியிலிருந்து கோதுமை மா கொண்டுபோய்க் கல்லில் அப்பித் துணியால் துடைத்தேன். மேலே இருந்த மா போக, பள்ளத்தில் நின்ற மா பெயராக எழும்பி வந்தது. அவர் கையைத் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? தமிழன் கல்லறையில் வெள்ளைத் தூள் பூசி ஏதோ மந்திரம் செய்கிறான் என்று சுவாமியாரிடம் போய்விட்டார்கள். சுவாமியார் மூச்சிரைக்க வந்தார். இவர் நிமிரக்கூட இல்லை.

"மாதான், சுவாமி. நீங்கள் பூசையில கையில எடுக்கிற அப்பமும் மாதானே."

சுவாமியார் வந்த வழியே போனார். அடுத்த கிழமை அவர் வீட்டிலிருந்து ஒரு பை மா வந்தது.

சேமக்காலையின் வடக்கு மதிலோரம் பதினேழு சின்ன இரும்புச் சிலுவைகள் இருந்தன. எல்லாம் பிள்ளைகள். அறுபது வருடப் பழசு. இடம் தேவைப்படாததால் யாரும் கிளறவில்லை. கல் இல்லை, பெயர் இல்லை, வெறும் நம்பர். இப்போது அங்கே சாம்பல் பெட்டிகள் வைக்கிற சுவர் கட்டப் போகிறார்கள், சிலுவைகளைப் பிடுங்குவதற்கு நாளும் குறித்தாகிவிட்டது. பதினாறு நம்பருக்குத் தேவாலயப் பதிவேட்டில் பெயர் இருந்தது. பதினோராம் நம்பருக்கு நேரே அந்தக் காலத்துச் சுவாமியார் 'ஊர்ச்சபைப் பிள்ளை, பெண்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஊர்ச்சபைப் பிள்ளை என்றால் என்ன என்று கேட்டேன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளையும், ஏழைகளின் பிள்ளைகளையும் அந்தக் காலத்தில் ஊர்ச்சபை பண்ணைகளுக்கு வேலைக்கு ஒப்படைத்துவிடும். குறைந்த செலவில் வைத்திருக்கிறேன் என்கிற பண்ணைக்காரனுக்குப் பிள்ளை. அவன் அடித்தாலும் பட்டினி போட்டாலும் கேட்க ஆள் இல்லை. எங்கள் ஊரில் கேட்டால் நம்ப மாட்டார்கள், சுவிஸிலா என்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். "சுவிஸிலயோ?"

"இங்கதான்" என்றார். "எழுதாமல் விட்டால் அடுத்த வருசம் நீங்கள் கேட்ட மாதிரித்தான் இந்த ஊர்ச் சனமும் கேக்கும்."

அந்தப் பதினோராம் நம்பருக்குப் பெயர் தேடித்தான் எட்டு மாரி போயிருக்கிறது. மற்றதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. அடுத்த ஊர் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர், ஒரு காலத்தில் மேல்பண்ணையில் கூலியாக இருந்தவர். அவரிடம் தபால்காரி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கிழவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மார்த்தா. ஒன்பது வயசு. பன்றிக் கொட்டிலுக்கு மேல படுக்கை. அந்த மாரி இருமினவள். டொக்டரைக் கூப்பிடேல்லை. நான் கூலிக்காரன், நானும் கூப்பிடேல்லை."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெயர் கிடைத்துவிட்டது, எழுத வேண்டியதுதானே. அவர் அந்த அட்டையை எடுத்து, பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினார்.

"ஒரு வாய்தான்."

"வேற ஆரும் உயிரோட இல்லை எண்டுறியள். பிறகு ரெண்டாவது வாய் எங்கால வரும்? நான் சொல்லுறன், என்ர பேரைப் போடுங்கோ" என்று சத்தம் போட்டேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கள் அங்க இருக்கேல்லையே."

"பிள்ளையை அந்த மதிலோட விடப் போறியளோ?"

அவர் வழமையாக இறங்குவதற்கு ஒரு தரிப்பு முந்தியே இறங்கி, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்து போனார். எனக்கு அவர் மேல் எரிச்சலாக இருந்தது. சட்டம் மனிதருக்கா மனிதர் சட்டத்துக்கா என்று பரமண்ணையிடம் புலம்பினேன்.

முதியோர் இல்லத்துக்குப் போன செய்தி எங்களுக்கு முந்தி ஊருக்கு வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சுவிஸிலும் இல்லை. தலைவர் குசினிக்கு வந்தார். கோபமாக வரவில்லை. என் அசூல் விசயமாக ஊர்ச்சபையிடம் அபிப்பிராயம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது, நன்றாகத்தான் எழுதுவேன் என்றார். பிறகு தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு, "அவவுக்குச் சொல்லுங்கோ, பழசைக் கிண்டாமல் விடச் சொல்லி. என்ர அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஆருக்கு என்ன லாபம்?" என்றார்.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இன்னொன்று செய்தேன். அடுத்த இரண்டு திங்கட்கிழமையும் சேமக்காலைப் பக்கம் போகவில்லை. திருப்பி அனுப்பிவிட்டால் எங்கே போவேன் என்பதுதான் மனதில் இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் நடந்தது அதுதான்.

சிலுவைகளைப் பிடுங்குகிற திங்களுக்கு முந்திய வியாழன். மறுநாள் ஊர்ச்சபை கூடிப் புத்தகத்தின் பிரதியை ஒப்புக்கொண்டு அச்சுக்கு அனுப்ப வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்து குசினி ஓய்ந்த நேரம், அவர் பின்கதவால் வந்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. முக்காலியில் இருந்து, ஒரு வெறும் அட்டையை என் முன்னால் வைத்து, பென்சிலை நீட்டினார்.

"எழுதுங்கோ."

"நானோ? என்ர ஜெர்மன் எழுத்தைப் பாத்தனீங்களோ?"

"சொல்லுறவர் எழுதக் கூடாது."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் சொல்லத் தொடங்கினார், கடிதத்து முகவரி வாசிக்கிறவர் போல நிதானமாக. பதினோராம் நம்பர். மார்த்தா. மேல்பண்ணைக்கு ஒப்படைக்கப்பட்ட பிள்ளை. பன்றிக் கொட்டிலுக்கு மேல் ஒரு சாக்குப் படுக்கையில் இரண்டு பெண் பிள்ளைகள் படுத்தார்கள். சின்னவளுக்கு ஏழு வயது. குளிருக்கு மார்த்தா அவளைச் சுவர்ப் பக்கம் விடாமல், தான் சுவர்ப் பக்கம் படுத்தாள். ஒருநாள் விடிய எழும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காலத்தில் ஊருக்குத் தபால் கொண்டுவந்த கிழவர் சின்னவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பரமண்ணையின் கத்தி நின்றுவிட்டது. நான் கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெரியும். அவர் தலையைச் சரித்துக்கொண்டு காத்திருந்தார்.

"யார் சொன்னது?" என்றேன்.

அவர் தன் பெயரைச் சொன்னார். அந்த ஊரில் அவர் தபால்காரக் கிழவரின் தங்கை மகள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அறுபது வருடமாக யாரும் அவரிடம் அவருடைய கேள்வியைத் திருப்பிக் கேட்டதில்லை. எட்டு மாரியும் அவர் தேடியது இரண்டாவது வாயை அல்ல, அது அவரிடமே இருந்தது. தன்னைத் தவிர வேறு யாராவது கிடைக்க மாட்டார்களா என்றுதான் தேடியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. வெங்காயம் வேறு பக்கத்தில் இருந்தது.

"கீழ உங்கட பேர் போட வேணும்" என்றார். "நாளைக்குத் தலைவர் பாப்பார். பயமெண்டால் வேண்டாம், நான் குறை நினைக்க மாட்டன்."

நான் பரமண்ணையைப் பார்த்தேன். "போடு தம்பி. உன்ர பேரைப் போடு, கொப்பற்ற பேரைப் போட்டிடாதை" என்றார். போட்டேன்.

மறுநாள் பால் கறந்து முடிந்து ஆறு மணிக்குச் சபை கூடியது, எங்கள் விடுதியின் பின்னறையில்தான். நான் கோப்பி கொண்டுபோனேன். அவர் மேசைக் கோடியில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தலைவர் கடைசி அட்டையை எடுத்தார். வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். யார் சொன்னது என்று கேட்க அவருக்கு வழியில்லை. அட்டையிலேயே இருந்தது, இரண்டு வாய், இரண்டு வீடு. அந்தச் சட்டத்துக்கு ஊர் முழுக்க எட்டு வருடம் தலை குனிந்திருக்கிறது, அவர் பாட்டனின் மணி உட்பட.

"முப்பது வருசம் எங்கட வீட்டுக்குக் கடிதம் கொண்டு வந்தனீங்கள்" என்றார் கடைசியில். "ஒருநாளும் உள்ளுக்கு வரேல்லை. கோப்பி குடிக்க வரச் சொல்லி அம்மா கூப்பிடுறவ."

"ஓம். கூப்பிட்டவ."

"எந்த அறை?"

"கொட்டிலுக்கு மேல. இப்ப உங்கட பிள்ளையள் சைக்கிள் விடுற இடம்."

தலைவர் எழும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து அட்டையை மற்ற அட்டைகளோடு வைத்து, ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தினார்.

"போடுங்கோ" என்றார். "இருக்கிற மாதிரியே போடுங்கோ."

என்னைப் பற்றிய கடிதத்தையும் அந்தக் கிழமையே எழுதினார். பிரதி ஒன்று எனக்கும் தந்தார். நல்லவன், உழைப்பாளி என்றெல்லாம் இருந்தது. எனக்குக் கண்ணில் பட்டது என் பெயர். அட்டையின் அடியில் பார்த்தபடியே, சரியாக எழுதியிருந்தார்.

ஆண்டுவிழாவுக்குப் புத்தகம் வந்தது. மேடைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அவர் எங்களோடு குசினியில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தார், போகவில்லை. புத்தகத்தின் முன்னட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை, அவர் போட விடவில்லை. பிறகு நான் ஓர்லிகோனுக்கு வேலைக்குப் போய்விட்டேன். அவர் செத்த வீட்டுக்கு நானும் பரமண்ணையும் போய் வந்தோம். அதற்கும் இருபத்தைந்து வருடம் ஆகி, தவணை முடிந்து, அவர் கல்லையும் எடுத்துவிட்டார்கள். இரும்புச் சிலுவைகள் இருந்த இடத்தில் சுவர் நிற்கிறது.

புத்தகம் என் அலுமாரியில் இருக்கிறது. அவர் ஒருவரின் பெயரையும் விடவில்லை, விடுதியில் கோப்பை கழுவிய எங்கள் இரண்டு பேரின் பெயர்கூட இருக்கிறது. தன் பெயரை மட்டும் ஒரே ஓர் இடத்தில் போட்டிருக்கிறார், பதினோராம் நம்பரில், சொன்னவர்கள் என்ற இடத்தில், மார்த்தாவுக்குப் பக்கத்தில். அது அங்கேயே இருக்கட்டும் என்றுதான் நான் அதை இங்கே எழுதவில்லை.